‘டு’ போடுவதா, ‘இங்’ போடுவதா? ஒரு வினைக்குப் பின்னால் இன்னொரு வினை வரும்போது

பாண்சம்பல் | செவ்வாய், இரவு 8.12

ஐயெல்ட்ஸ் என்கிற ஆங்கிலப் பரீட்சையின் எழுத்துப் பகுதிக்குப் படிக்கிற பலரும் தடுக்கி விழுகிற இடம் இது. அதனால்தான் தனி இழை. ‘ஐ வோன்ட் டு கோ’ சரி, ‘ஐ என்ஜாய் கோயிங்’ சரி. இதுமட்டும் பிரச்சினை இல்லை. ஆனால் ‘ஐ பிளான் டு கோ’ சரியாம், ‘ஐ சஜெஸ்ட் டு கோ’ பிழையாம். இரண்டுமே இனி நடக்கப்போவதுதானே? ‘லுக்கிங் ஃபோர்வர்ட் டு’ என்று ‘டு’ வந்த பிறகும் ‘ஹியரிங்’ ஏன்? ‘ஸ்டொப்’, ‘ரிமெம்பர்’ மாதிரிச் சொற்களுக்கு இரண்டும் வரும் என்கிறார்கள், எப்போது எது? பட்டியலைப் பாடமாக்குவதைவிட வேறு வழி இருக்கிறதா?

கைபேசியில் எழுத்தை மாற்றி மாற்றி அடிக்க ஏலாது, ஆங்கில வாக்கியங்களையும் தமிழ் எழுத்திலேயே போடுகிறேன். நீங்களும் அப்படியே போட்டால் நல்லது.

சிவப்புமை | செவ்வாய், இரவு 8.47

பட்டியல் இல்லாமல் நடக்காது. ஆனால் புத்தகத்தின் கடைசியில் நாலு பக்கத்துக்கு அச்சடித்திருக்கிற அந்தப் பட்டியல் வேண்டாம்.

முதலில் பெயர்கள். ‘டு’வோடு நிற்பது இன்ஃபினிட்டிவ். ‘இங்’ ஏறி, பெயர்ச்சொல்லின் இடத்தில் நிற்பது ஜெரண்ட். தமிழில் செய்ய, போக, வர என்கிற செயவென் எச்சம் முன்னதற்குக் கிட்ட நிற்கும். செய்தல், செய்வது என்கிற தொழிற்பெயர் பின்னதற்குக் கிட்ட. கிட்டத்தான், ஒன்றல்ல. நம்மவர் விடுகிற பிழைகளில் பாதி அந்த இடைவெளியில்தான் பிறக்கிறது.

அடுத்தது, எது வரும் என்பதை முதல் வினைதான் தீர்மானிக்கும். இரண்டாவது வினைக்கு அதில் பேச்சே இல்லை. ‘கோ’ என்ற சொல்லைப் பார்த்து யோசிப்பதில் பயனில்லை, அதற்கு முன்னால் ‘வோன்ட்’ நிற்கிறதா ‘என்ஜாய்’ நிற்கிறதா என்று பாருங்கள்.

‘இங்’ மட்டும் ஏற்பவை, பரீட்சையிலும் கடிதத்திலும் அடிக்கடி வருபவை: என்ஜாய், அவொய்ட், ஃபினிஷ், மைண்ட், கன்சிடர், சஜெஸ்ட், அட்மிட், டினை, பிரக்டிஸ், போஸ்ட்போன், ரிஸ்க், மிஸ், இமாஜின், கீப், கிவ் அப்.

‘டு’ மட்டும் ஏற்பவை: வோன்ட், ஹோப், டிசைட், பிளான், எக்ஸ்பெக்ட், பிரொமிஸ், ஒஃபர், அக்ரீ, ரிஃபியூஸ், மனேஜ், ஃபெயில், அஃபோர்ட், பிரிடெண்ட், ஹெசிடேட்.

இவற்றைத் தனிச் சொல்லாகப் பாடமாக்க வேண்டாம். வாலோடு சேர்த்து வாயால் சொல்லிப் பழகுங்கள்: ‘அவொய்ட் டூயிங்’, ‘மனேஜ் டு டூ’, ‘கன்சிடர் டூயிங்’. கற்போருக்கான அகராதி எதை எடுத்தாலும் வினைச்சொல்லுக்குக் கீழே இந்த வாலைக் காட்டியிருப்பார்கள். அர்த்தத்தை மட்டும் பார்த்துவிட்டு அகராதியை மூடுவதால்தான் இந்தத் தொல்லை.

எதிர்மறையில் ‘நொட்’ முன்னால் வரும்: ‘ஹீ டிசைடட் நொட் டு கோ’, ‘ஐ ரிக்ரெட் நொட் கோயிங்’. ‘டு நொட் கோ’ என்று எழுதினால் படிப்பவர் ஒரு நொடி நின்றுதான் போவார், பரீட்சையில் அதைத் தவிர்ப்பது புத்தி.

நூறாம்நம்பர் | செவ்வாய், இரவு 9.05

சிவப்புமை டீச்சர் சொன்னதோடு ஒரு தர்க்கத்தையும் சேர்த்தால் பட்டியல் பாதியாகக் குறையும். ‘டு’ முன்னால் பார்க்கும், ‘இங்’ பின்னால் பார்க்கும். ஹோப், பிளான், பிரொமிஸ், டிசைட், ஒஃபர், எக்ஸ்பெக்ட் எல்லாவற்றிலும் காரியம் இனித்தான் நடக்கவேண்டும். அட்மிட், டினை, ஃபினிஷ், மிஸ், கீப் இவற்றில் காரியம் ஏற்கனவே நடந்தது, அல்லது நடந்துகொண்டிருக்கிறது. களவெடுத்ததை ஒப்புக்கொள்ளலாம், களவெடுக்க ஒப்புக்கொண்டால் அது வேறு கதை. முன்னது ‘அட்மிட்டட் ஸ்டீலிங்’, பின்னது ‘அக்ரீட் டு ஸ்டீல்’.

சிவப்புமை | செவ்வாய், இரவு 9.21

அழகாக இருக்கிறது, வகுப்பில் சொன்னால் பிள்ளைகள் தலையாட்டுவார்கள். ஆனால் பாண்சம்பல் கேட்ட முதல் கேள்வியே இந்த விதியை உடைக்கிறது. சஜெஸ்ட், கன்சிடர், போஸ்ட்போன், ரிஸ்க், அவொய்ட் ஐந்திலும் காரியம் நடக்கவில்லை, இருந்தும் ‘இங்’. மறுபக்கம் ‘மனேஜ்ட் டு கெட் எ சீட்’ என்றால் சீட் கிடைத்தே விட்டது, இருந்தும் ‘டு’. டிலே என்பதற்கு ‘இங்’, ஹெசிடேட் என்பதற்கு ‘டு’. இரண்டும் தயக்கத்தோடு சேர்ந்தவைதானே, காலத்தில் என்ன வித்தியாசம்?

நூறாம்நம்பர் | செவ்வாய், இரவு 9.30

உண்மைதான், முழு விதி இல்லை. சஜெஸ்ட், கன்சிடர், இமாஜின், ரெக்கமென்ட் இந்த நாலையும் தனிக் கூட்டமாகப் பிடிக்கலாம்: ஒரு யோசனையைப் பொருள்போல மேசையில் வைத்துப் பார்ப்பவை, ஆகவே பெயர்ச்சொல் வடிவம். அவொய்ட், போஸ்ட்போன், டிலே, ரெசிஸ்ட் இன்னொரு கூட்டம், விலகுபவை. இந்தக் கூட்டத்துக்குள் வராமல் ‘ரிஃபியூஸ்’ ‘டு’ பக்கம் போய் நிற்கும், அதைத் தனியாக நினைவில் வைக்கத்தான் வேண்டும். முன்னால் பின்னால் விதியைப் பட்டியலுக்குப் பதிலாக வைக்கவேண்டாம், இரண்டு வடிவமும் வருகிற சொற்களுக்கு வையுங்கள். அங்கே அது வழுக்காது.

பாண்சம்பல் | செவ்வாய், இரவு 9.34

அண்ணா, அந்த இரண்டும் வருகிற சொற்களையே சொல்லுங்கோ. அதில்தான் பெரிய குழப்பம்.

நூறாம்நம்பர் | செவ்வாய், இரவு 10.10

இங்கேதான் தமிழ் நமக்குக் கை கொடுக்கிறது. வாக்கியத்தைத் தமிழில் சொல்லிப் பாருங்கள்.

ரிமெம்பர், ஃபொர்கெட். ‘பூட்ட மறந்தேன்’ என்றால் பூட்டவில்லை: ‘ஐ ஃபொர்கொட் டு லொக் த டோர்’. ‘பூட்டியதை மறந்தேன்’ என்றால் பூட்டியாயிற்று, நினைவுதான் இல்லை: ‘ஐ ஃபொர்கொட் லொக்கிங் த டோர்’. தமிழில் ‘பூட்ட’ வந்தால் ‘டு’, ‘பூட்டியதை’ வந்தால் ‘இங்’. ரிமெம்பர் என்பதற்கும் இதுவேதான்: ‘ரிமெம்பர் டு டேக் யுவர் ஐடி’ என்பது பரீட்சைக்குப் போகுமுன் சொல்வது. ‘ஐ ரிமெம்பர் டேக்கிங் இட்’ என்பது தொலைந்த பிறகு சொல்வது.

ஸ்டொப். ‘கதைப்பதை நிறுத்தினான்’: ‘ஹீ ஸ்டொப்ட் டோக்கிங்’. ‘கதைப்பதற்காக நின்றான்’: ‘ஹீ ஸ்டொப்ட் டு டோக்’. நூறாம் நம்பர் பஸ் கொழும்பின் காலி வீதியில் ஆள் ஏற்ற நிற்கிறது என்றால் ‘த பஸ் ஸ்டொப்ட் டு பிக் அப் பசெஞ்சர்ஸ்’. ‘ஸ்டொப்ட் பிக்கிங் அப்’ என்று எழுதினால் அந்த பஸ் இனி யாரையும் ஏற்றுவதில்லை என்று ஆகிவிடும். கவனியுங்கள், ‘ஸ்டொப்ட் டு டோக்’ என்பதில் இருக்கிற ‘டு’ நோக்கத்தைச் சொல்கிற ‘டு’. உண்மையில் ‘ஸ்டொப்’ என்ற வினை தனக்கென்று ஏற்பது ‘இங்’ மட்டுந்தான்.

ரிக்ரெட். ‘வீ ரிக்ரெட் டு இன்ஃபோர்ம் யூ’ என்றால் கெட்ட செய்தி இனித்தான் வருகிறது. இந்த ‘டு’வுக்குப் பின் இன்ஃபோர்ம், சே, டெல், அனவுன்ஸ் போன்ற சொல்லுதல் வினைகள்தான் வழக்கமாக வரும். செய்துவிட்டு வருந்துவதற்கு ‘ஐ ரிக்ரெட் செல்லிங் த லேண்ட்’.

கோ ஒன். ‘ஷீ வென்ட் ஒன் ஸ்பீக்கிங்’, பேசிக்கொண்டே போனார். ‘ஷீ வென்ட் ஒன் டு ஸ்பீக் அபவுட் டக்சஸ்’, ஒன்றைப் பேசி முடித்து அடுத்து வரியைப் பற்றிப் பேசினார்.

மீன். ‘ஐ மென்ட் டு கோல் யூ’ என்பது எண்ணம். ‘டேக்கிங் த ஃபைவ் ஓகிளொக் ட்ரெயின் மீன்ஸ் கெட்டிங் அப் அட் த்ரீ’ என்பது விளைவு, அதாவது அந்த ரயிலைப் பிடிப்பதென்றால் மூன்று மணிக்கே எழும்பத்தான் வேண்டும்.

ட்ரை மட்டும் தமிழில் தெளிவாகப் பிரியாது, ஏனென்றால் ‘திறந்து பார்’ என்று இரண்டுக்கும் சொல்லிவிடுவோம். செய்வதே கஷ்டம் என்றால் ‘டு’: ‘ஐ ட்ரைட் டு ஓப்பன் த வின்டோ’, இறுகிப்போன ஜன்னல், திறந்ததோ இல்லையோ. செய்வது லேசு, ஆனால் அதனால் பலன் வருமா என்று பார்க்கிறோம் என்றால் ‘இங்’: ‘ட்ரை ஓப்பனிங் த வின்டோ’, அறை புழுங்குகிறதா, ஜன்னலைத் திறந்து பாருங்கள், குறையலாம்.

மொழிக்கடை | செவ்வாய், இரவு 10.32

நூறாம்நம்பர் சொன்னதில் ஒரு எச்சரிக்கை. ‘ஐ ஃபொர்கொட் லொக்கிங்’ என்று உடன்பாட்டில் எழுதுவதை ஆங்கிலத்தில் அரிதாகத்தான் பார்க்கலாம். ‘ஐ வில் நெவர் ஃபொர்கெட் சீயிங் இட்’ என்கிற மாதிரிதான் இயல்பு. மற்ற இடத்தில் ‘ஐ ஃபொர்கொட் தட் ஐ ஹேட் லொக்ட் இட்’ என்பார்கள். வேறுபாடு சரி, எழுதும்போது இதைப் பாருங்கள்.

பிகின், ஸ்டார்ட், கன்டினியூ மூன்றுக்கும் இரண்டும் வரும், பொருள் மாறாது. இரண்டே இரண்டு கவனம். ‘இட் இஸ் பிகினிங் ரெயினிங்’ என்று இரண்டு ‘இங்’ அடுக்காதீர்கள், ‘பிகினிங் டு ரெயின்’. அண்டர்ஸ்டாண்ட், நோ, ரியலைஸ் போன்ற மனநிலை வினைகளுக்கு ‘ஐ பிகன் டு அண்டர்ஸ்டாண்ட்’ என்பதே பொருந்தும்.

கந்தோர்க்கடிதம் | புதன், காலை 7.15

‘லுக்கிங் ஃபோர்வர்ட் டு ஹியர்’ பற்றி யாரும் தொடவில்லை. கொழும்பில் கந்தோர்களுக்கு வருகிற விண்ணப்பங்களில் அதிகம் கண்ணில் படுகிற பிழை இது, அதுவும் கடைசி வரியில், கையெழுத்துக்கு நேர் மேலே.

‘டு’ இரண்டு வகை. ஒன்று இன்ஃபினிட்டிவின் ‘டு’. மற்றது ‘கோ டு கொழும்பு’ என்பதில் வருகிற பிரிபொசிஷன் ‘டு’. பிரிபொசிஷனுக்குப் பின் வினை வந்தால் ‘இங்’ போட்டே ஆகவேண்டும். ‘ஒஃப்’, ‘இன்’, ‘ஃபோர்’, ‘வித்தவுட்’, ‘பை’, ‘ஆஃப்டர்’, ‘பிஃபோர்’ எல்லாவற்றுக்கும் இதே சட்டம். ‘வித்தவுட் டெல்லிங்’ என்று எல்லாரும் சரியாகத்தான் எழுதுகிறார்கள். ‘டு’ மட்டும் வேஷம் போட்டு வருவதால் ஏமாந்து போகிறோம்.

சோதனை சுலபம். ‘டு’வுக்குப் பின் வினைக்குப் பதிலாக ஒரு பெயர்ச்சொல்லை வையுங்கள். ‘ஐ லுக் ஃபோர்வர்ட் டு யுவர் ரிப்ளை’ நிற்கிறது, ஆகவே பிரிபொசிஷன், ஆகவே ‘ஹியரிங்’. ‘ஐ வோன்ட் டு யுவர் ரிப்ளை’ நிற்கவில்லை, ஆகவே இன்ஃபினிட்டிவ்.

இந்த வேஷக்கார ‘டு’ வருகிற இடங்கள்: லுக் ஃபோர்வர்ட் டு, பீ யூஸ்ட் டு, கெட் யூஸ்ட் டு, அகஸ்டம்ட் டு, ஒப்ஜெக்ட் டு, கமிட்டட் டு, டெடிகேட்டட் டு, இன் அடிஷன் டு, பிரையர் டு, வித் எ வியூ டு, வென் இட் கம்ஸ் டு.

‘யூஸ்ட் டு’ என்பதைத் தனியாகப் பாருங்கள். ‘ஐ யூஸ்ட் டு லிவ் இன் கொட்டாஞ்சேனை’ என்றால் முன்பு இருந்தேன், இப்போது இல்லை. ‘ஐ ஆம் யூஸ்ட் டு லிவ்விங் இன் கொட்டாஞ்சேனை’ என்றால் அங்கே இருந்து பழகிவிட்டது. நடுவில் ‘ஆம்’ இருக்கிறதா என்று பார்த்தால் போதும். ‘ஐ ஆம் யூஸ்ட் டு வேர்க் அண்டர் பிரெஷர்’ என்று சுயவிபரக் கோவையில் எழுதினால், படிப்பவர் முதலில் காண்பது பிழையைத்தான், உழைப்பை அல்ல.

மொழிக்கடை | புதன், காலை 7.58

பெயர்ச்சொல் சோதனை நல்லது, ஆனால் ஒரு ஓட்டை இருக்கிறது. ‘அக்ரீ டு த புரொபோசல்’ நிற்கும், இருந்தும் ‘அக்ரீ டு பேயிங்’ எழுதமாட்டோம், ‘அக்ரீ டு பே’தான். ‘கன்சென்ட்’ என்பதும் இதே கூட்டம். எனவே சோதனையில் தோற்றால் நிச்சயம் இன்ஃபினிட்டிவ். வென்றால் பெரும்பாலும் ‘இங்’, இந்த இரண்டையும் விட்டுவிட்டு.

கந்தோர்க்கடிதம் | புதன், காலை 8.03

சரியான பிடி. அவை இரண்டையும் டீச்சரின் ‘டு’ பட்டியலில் வைத்துவிடுங்கள், அங்கே ‘அக்ரீ’ ஏற்கனவே இருக்கிறது.

பாண்சம்பல் | புதன், மாலை 6.40

தமிழில் யோசித்து ஆங்கிலத்தில் எழுதுவதால் வருகிற பிழைகளை யாராவது ஒரே இடத்தில் போடுவீர்களா? ‘அவன் வரவேண்டும் என்று விரும்புகிறேன்’ என்பதை ‘ஐ வோன்ட் தட் ஹீ ஷுட் கம்’ என்று எழுதினால் ஏன் பிழை?

சிவப்புமை | புதன், இரவு 8.20

‘வோன்ட்’ என்பதற்குப் பின் ‘தட்’ வராது, அவ்வளவுதான். ‘ஐ வோன்ட் ஹிம் டு கம்’. யார் செய்யவேண்டுமோ அவரை நடுவில் வைத்துப் பின்னால் ‘டு’. எக்ஸ்பெக்ட், ஆஸ்க், டெல், அட்வைஸ், அலவ், என்கரேஜ், வோர்ன், ரிக்வெஸ்ட் எல்லாம் இந்த அச்சில்தான்: ‘த டொக்டர் அட்வைஸ்ட் ஹர் டு ரெஸ்ட்’.

இதற்கு நேர் எதிர் ‘சஜெஸ்ட்’. ‘ஹீ சஜெஸ்டட் மீ டு கோ’ என்பதுதான் தமிழ்ப் பிள்ளைகளின் முதல்தரப் பிழை. ‘எனக்குப் போகச் சொன்னார்’ என்ற அச்சில் வார்த்தது. சரியானவை மூன்று: ‘ஹீ சஜெஸ்டட் கோயிங்’, ‘ஹீ சஜெஸ்டட் தட் ஐ கோ’, ‘ஹீ சஜெஸ்டட் தட் ஐ ஷுட் கோ’. இரண்டாவதில் ‘ஹீ’ வந்தாலும் ‘கோ’தான், ‘கோஸ்’ அல்ல.

இனி மற்றவை.

‘எனக்கு நீந்தத் தெரியும்’ என்பது ‘ஐ நோ டு ஸ்விம்’ ஆகாது. ‘ஐ நோ ஹவ் டு ஸ்விம்’, அல்லது சும்மா ‘ஐ கேன் ஸ்விம்’.

‘உங்களைப் பார்ப்பதற்கு வந்தேன்’ என்பதில் இருக்கிற நான்காம் வேற்றுமை ‘கு’தான் ‘ஐ கேம் ஃபோர் சீயிங் யூ’ என்று எழுத வைக்கிறது. நோக்கத்துக்கு ‘டு’: ‘ஐ கேம் டு சீ யூ’. ‘ஃபோர்’ போட்டு ‘இங்’ எழுதலாம், ஆனால் ஒரு பொருளின் பயன் என்ன என்று சொல்லும்போது: ‘திஸ் நைஃப் இஸ் ஃபோர் கட்டிங் பிரெட்’. காரணத்துக்கும் வரும்: ‘தேங்க் யூ ஃபோர் கமிங்’.

‘கண்டுபிடிக்க இரண்டு மணித்தியாலம் செலவழித்தான்’. ‘ஹீ ஸ்பென்ட் டூ அவர்ஸ் டு ஃபைண்ட்’ பிழை, ‘ஸ்பென்ட் டூ அவர்ஸ் ஃபைண்டிங்’. ஆனால் ‘இட் டுக் ஹிம் டூ அவர்ஸ் டு ஃபைண்ட்’ சரி. ‘ஸ்பென்ட்’ என்றால் ‘இங்’, ‘டுக்’ என்றால் ‘டு’. ஐயெல்ட்ஸ் கட்டுரையில் நேரம், பணம் பற்றி எழுதாதவர் இல்லை, இந்தச் சோடியைக் கட்டாயம் பிடித்துக்கொள்ளுங்கள்.

‘படிப்பதில் பிஸி’ என்பது ‘பிஸி இன் ஸ்டடியிங்’ அல்ல, ‘பிஸி ஸ்டடியிங்’. ‘போகவிடாமல் தடுத்தார்’ என்பது ‘பிரிவென்டட் ஹிம் ஃபுரொம் கோயிங்’.

‘அழ வைத்தான்’ என்பது ‘ஹீ மேட் மீ டு க்ரை’ அல்ல, ‘மேட் மீ க்ரை’. ‘மேக்’, ‘லெட்’ இரண்டுக்கும் வெறும் வினை, ‘டு’ இல்லை. செயப்பாட்டு வினையானால் ‘மேக்’ தன் ‘டு’வைத் திரும்பக் கேட்கும்: ‘ஐ வோஸ் மேட் டு வெயிட்’. ‘லெட்’ அப்படி மாறாது, ‘ஐ வோஸ் அலவ்ட் டு கோ’ என்று வேறு வினை எடுக்கவேண்டும். ‘ஹெல்ப்’ இரண்டுக்கும் சம்மதம்: ‘ஹெல்ப்ட் மீ ஃபைண்ட்’, ‘ஹெல்ப்ட் மீ டு ஃபைண்ட்’.

கொழும்பு13 | புதன், இரவு 8.51

ஷொப்பிங்கை விட்டுவிட்டீர்கள் டீச்சர். ‘வீ வென்ட் ஃபோர் ஷொப்பிங் டு புறக்கோட்டை’ என்று ஊரே எழுதுகிறது. ‘வீ வென்ட் ஷொப்பிங் இன் புறக்கோட்டை’. நடுவில் ‘ஃபோர்’ இல்லை, இடத்துக்கு முன் ‘டு’ இல்லை. ஷொப்பிங் நடந்தது புறக்கோட்டையில் என்பதால் ‘இன்’. ‘ஸ்விமிங்’, ‘ஃபிஷிங்’, ‘டான்சிங்’ எல்லாம் இப்படி. பொழுதுபோக்கு, உடற்பயிற்சி வகைக்குத்தான் இந்த அச்சு, ‘கோ ஸ்டடியிங்’ என்று இழுத்துவிடாதீர்கள்.

மற்றது ‘அலவ்’. டீச்சர் சொன்னது ஆளோடு வரும்போது. ஆள் இல்லாவிட்டால் அதே வினை ‘இங்’ பக்கம் போய்விடும்: ‘வீ டோன்ட் அலவ் பீப்பிள் டு பார்க் ஹியர்’, ‘வீ டோன்ட் அலவ் பார்க்கிங் ஹியர்’. அட்வைஸ், பெர்மிட், ரெக்கமென்ட் மூன்றும் இதே குணம்.

நூறாம்நம்பர் | புதன், இரவு 9.14

‘லைக்’ பற்றி ஒரு சொல். ‘ஐ லைக் ஸ்விமிங்’, ‘ஐ லைக் டு ஸ்விம்’ இரண்டும் சரி. பிரிட்டிஷ் வழக்கில் சின்ன வித்தியாசம் உண்டு: ‘இங்’ என்றால் செய்வதில் சுகம், ‘டு’ என்றால் செய்வது நல்லது என்று நினைத்துச் செய்வது. ‘ஐ லைக் டு கோ டு த டென்டிஸ்ட் டுவைஸ் எ இயர்’. பல்லைக் குடைவதில் சுகம் காண்பவர் யார்? அமெரிக்க வழக்கில் எல்லாவற்றுக்கும் ‘லைக் டு’ தாராளமாக ஓடும். ‘வுட் லைக்’ வந்துவிட்டால் மட்டும் பேச்சில்லை, ‘டு’தான்.

‘பிரிஃபர்’ ஒப்பீட்டில் இரண்டு அச்சு, கலக்கக்கூடாது. ‘ஐ பிரிஃபர் வோக்கிங் டு டேக்கிங் த பஸ்’, அல்லது ‘ஐ பிரிஃபர் டு வோக் ராதர் தென் டேக் த பஸ்’. ‘பிரிஃபர் டு வோக் தென் டு டேக்’ என்பது இரண்டையும் ஒரே சட்டியில் போட்டுக் கிண்டியது.

கொழும்பு13 | புதன், இரவு 9.20

இந்த ‘லைக்’ வித்தியாசத்தைப் பரீட்சைக்காரருக்குச் சொல்லிப் பயங்காட்டவேண்டாம் அண்ணா. எது எழுதினாலும் புள்ளி குறையாது. ‘லைக்ஸ் ரீடிங், ஸ்விமிங் அண்ட் டு குக்’ என்று அடுக்கில் வடிவம் மாறினால்தான் குறையும். மூன்றும் ‘இங்’, அல்லது மூன்றும் ‘டு’. ஐயெல்ட்ஸ் எழுத்தில் புள்ளியிடும் அளவுகோல் நான்கு, இலக்கணம் அதில் ஒன்று, அதாவது கால் பங்கு. இரண்டாவது பணிக்கு 250 சொல் எழுதவேண்டும், அதில் இந்த மாதிரி அடுக்குகள் எப்படியும் வரும்.

பாண்சம்பல் | வியாழன், மாலை 5.55

ஒரு பயிற்சிக் கடிதம் போடுகிறேன், பிழையெல்லாம் தெரிந்தே சேர்த்தது. திருத்தி, காரணமும் சொல்லுங்கோ.

‘ஐ ஆம் ரைட்டிங் ஃபோர் அப்ளையிங் ஃபோர் த போஸ்ட் ஒஃப் அக்கவுன்ட்ஸ் அசிஸ்டன்ட். ஐ ஆம் இன்ட்ரஸ்டட் டு வேர்க் இன் யுவர் கம்பனி. ஐ ஹேவ் எக்ஸ்பீரியன்ஸ் டு ஹேண்டில் கேஷ். ஐ ஆம் கேப்பபிள் டு பிரிப்பேர் மன்த்லி ரிப்போர்ட்ஸ். ஐ ஹேவ் நோ டிஃபிகல்ட்டி டு வேர்க் ஒன் சட்டர்டேஸ். ஐ வுட் அப்ரீஷியேட் டு கெட் என் இன்டர்வியூ. ஐ ஆம் லுக்கிங் ஃபோர்வர்ட் டு ஹியர் ஃபுரொம் யூ.’

கந்தோர்க்கடிதம் | வியாழன், இரவு 7.32

வரிக்கு வரி.

‘ரைட்டிங் டு அப்ளை’. நோக்கம், டீச்சர் மேலே சொன்ன அதே ‘கு’ பிழை.

‘இன்ட்ரஸ்டட் இன் வேர்க்கிங்’. செய்ய ஆர்வம் என்றால் ‘இன்’ போட்டு ‘இங்’. ‘இன்ட்ரஸ்டட் டு நோ’, ‘இன்ட்ரஸ்டட் டு ஹியர்’ என்பவை உண்டு, ஆனால் அவை ஒரு தகவலை அறிகிற ஆவலுக்கு. வேலைக்கு அல்ல.

‘எக்ஸ்பீரியன்ஸ் இன் ஹேண்ட்லிங் கேஷ்’. இங்கே பெயர்ச்சொற்கள் தரும் தொல்லை தொடங்குகிறது, ஒவ்வொரு பெயரும் தன் வாலோடு வரும். அபிலிட்டி, டிசிஷன், ஒப்பர்ச்சூனிட்டி, அட்டெம்ப்ட் எல்லாம் ‘டு’. எக்ஸ்பீரியன்ஸ், டிஃபிகல்ட்டி என்பவை ‘இன்’ போட்டு ‘இங்’. ஐடியா, ஹெபிட், பொசிபிலிட்டி, ரிஸ்க் என்பவை ‘ஒஃப்’ போட்டு ‘இங்’. ‘பொசிபிலிட்டி டு கெட்’ எழுதவேண்டாம். ‘சான்ஸ்’ இரண்டு விதம்: வாய்ப்புக் கிடைத்தது என்றால் ‘எ சான்ஸ் டு ஸ்பீக்’, நிகழ எவ்வளவு சாத்தியம் என்றால் ‘த சான்ஸ் ஒஃப் வின்னிங்’.

‘கேப்பபிள் ஒஃப் பிரிப்பேரிங்’, அல்லது ‘ஏபிள் டு பிரிப்பேர்’. பொருள் கிட்டத்தட்ட ஒன்று, வால் வேறு.

‘நோ டிஃபிகல்ட்டி இன் வேர்க்கிங்’. ‘இன்’ இல்லாமலும் எழுதலாம். ‘இட் இஸ் நொட் டிஃபிகல்ட் ஃபோர் மீ டு வேர்க்’ என்று திருப்பினால் ‘டு’ வரும், பெயர்ச்சொல் போய் உரிச்சொல் வந்துவிட்டதல்லவா. ஆனால் விண்ணப்பத்தில் கஷ்டம் என்ற சொல்லே எதற்கு? ‘ஐ ஆம் ஹேப்பி டு வேர்க் ஒன் சட்டர்டேஸ்’ என்று முடிக்கலாம்.

‘அப்ரீஷியேட்’ ‘இங்’ ஏற்கும், ஆனால் ‘அப்ரீஷியேட் கெட்டிங்’ கடிதத்துக்குப் பொருந்தாது. ‘ஐ வுட் அப்ரீஷியேட் த ஒப்பர்ச்சூனிட்டி டு அட்டெண்ட் என் இன்டர்வியூ’ என்பது அழகு.

கடைசி வரி எல்லாருக்கும் தெரியும். ‘ஐ லுக் ஃபோர்வர்ட் டு ஹியரிங் ஃபுரொம் யூ’. ‘ஆம் லுக்கிங்’ பிழையில்லை, ‘லுக்’ கொஞ்சம் மரியாதைக்குரிய தொனி.

மொழிக்கடை | வியாழன், இரவு 8.05

‘அப்ரீஷியேட்’ வந்ததால் கேட்கிறேன், ‘வீ அப்ரீஷியேட் யுவர் சென்டிங்’ எழுதுவதா, ‘யூ சென்டிங்’ எழுதுவதா?

கந்தோர்க்கடிதம் | வியாழன், இரவு 8.11

பேச்சில் ‘யூ’, முறையான கடிதத்தில் ‘யுவர்’. எது போட்டாலும் யாராவது முகம் சுளிப்பார்கள் என்பதால் ‘வீ வுட் அப்ரீஷியேட் இட் இஃப் யூ குட் சென்ட்’ என்று தப்பித்துக்கொள்வதே நல்லது. அதில் ‘இட்’டை விடக்கூடாது.

சிவப்புமை | வியாழன், இரவு 8.40

விட்டுப்போனவை இரண்டு. ‘திஸ் புக் இஸ் டிஃபிகல்ட் டு ரீட் இட்’, ‘த டீ இஸ் டூ ஹொட் டு டிரிங்க் இட்’. கடைசி ‘இட்’ இரண்டிலும் வேண்டாம், புத்தகமும் தேநீரும் வாக்கியத்தின் தலையிலேயே நிற்கின்றன.

‘நீட்’. ‘த ரூஃப் நீட்ஸ் ரிப்பேரிங்’ என்றால் கூரையைத் திருத்தவேண்டும். ‘இங்’ போட்டும் செயப்பாட்டுப் பொருள் வருகிற விசித்திரம் இது, ‘நீட்ஸ் டு பி ரிப்பேர்ட்’ என்பதும் அதேதான். ‘த ரூஃப் நீட்ஸ் டு ரிப்பேர்’ எழுதினால் கூரை ஏணியெடுத்துக்கொண்டு வேறெதையோ திருத்தப் போகிறது.

பாண்சம்பல் | வியாழன், இரவு 8.58

எழுத்துக்கூட்டல் ஒன்று டீச்சர். ‘இங்’ சேர்க்கும்போது எப்போது எழுத்து இரட்டிக்கும்? ‘ரைட்டிங்’குக்கு இரண்டு டீ போடுவதா?

சிவப்புமை | வியாழன், இரவு 9.10

ஒரு டீதான். ‘ரைட்’டின் கடைசி ஈ விழும், டீ இரட்டிக்காது. இரண்டு டீ வருவது ‘ரிட்டன்’ என்பதில்.

ஓரசைச் சொல், கடைசியில் ஒரு உயிரெழுத்தும் ஒரு மெய்யெழுத்தும் என்றால் மெய் இரட்டிக்கும்: ஸ்டொப்பிங், ஸ்விமிங், கட்டிங். ஆனால் கடைசி எழுத்து டபிள்யூ, எக்ஸ், வை என்றால் இரட்டிக்காது. ஈரசைச் சொல்லில் அழுத்தம் கடைசி அசையில் விழுந்தால் மட்டும் இரட்டிக்கும்: பிகினிங்குக்கு இரண்டு என், அக்கரிங்குக்கு இரண்டு ஆர். ஓப்பனிங், விசிட்டிங், லிஸனிங் மூன்றிலும் அழுத்தம் முன்னால், ஆகவே ஒன்றுதான். டிராவல் மாதிரி எல்லில் முடிகிற சொற்களுக்குப் பிரிட்டிஷ் வழக்கில் இரண்டு எல், அமெரிக்க வழக்கில் ஒன்று. இங்கே பள்ளிக்கூடத்தில் படிப்பிப்பது இரண்டு எல்.

சாவதைச் சொல்கிற டை, லை, கழுத்தில் கட்டுகிற டை மூன்றிலும் ஐ ஈ போய் வை வரும். பிக்னிக் என்பதற்கு ‘இங்’ சேர்க்கும்போது நடுவில் ஒரு கே.